மெஷின் மேல் தப்பில்லை

மார்சிலிங்,
21.9.1986, ஞாயிறு.

அன்பு மகள் ஆனிக்கு அப்பா எழுதுறது. இங்க நான், அம்மா, உன் தம்பி மூணு பேரும் மாதா புண்ணியத்துல நல்லா இருக்கோம். அங்க நீயும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம, குளிர் பிடிக்கிறதுக்கு முன்னாடியே கம்பளிச்சட்டை எல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு சௌக்கியமா இருக்கணும்னு தினமும் ஜெபமாலையை உன் பேரைச் சொல்லித்தான் முடிக்கிறோம். நீ ஆகஸ்ட்ல போட்ட கடிதம் வந்து மூணு வாரம் ஆச்சு, பதில் வரலைன்னு கோவிச்சுக்காதே, நாலு தடவை எழுத உட்கார்ந்து நாலு தடவையும் எந்திரிச்சுப் போயிட்டேன். இன்னைக்குப் பூசை முடிஞ்சு வந்ததும் அம்மா பேனாவையும் ஏரோகிராம் வேண்டாம் இது அதுல அடங்காதுன்னு வெள்ளைத்தாள் ஒரு கட்டையும் மேஜை மேல வச்சு, எழுதி முடிச்சாத்தான் சாப்பாடுன்னு சொல்லிட்டா. அதனால இந்தக் கடிதம் நீளம். தபால் பெட்டிகிட்ட நின்னுக்கிட்டே படிக்கிற பழக்கம் உனக்கு உண்டு, இதை அப்படிப் படிக்காதே, வீட்டுக்குள்ள போய் உட்கார்ந்து படி. நடுவுல உங்கப்பன் கூத்து இருக்கு, தாராளமா சிரி. கடைசியில உன்கிட்ட ஒண்ணு கேட்கப் போறேன், அதை மட்டும் நீ எனக்குச் செஞ்சே ஆகணும்.

வீட்டு விஷயம் சொல்லிடுறேன். தம்பிக்கு என்எஸ் பட்டாளச் சேவை முடிய இன்னும் எட்டு மாசம், சனிக்கிழமை ஆனா ஒரு மூட்டை அழுக்குத்துணியோட வந்து நிக்கிறான். நம்ம புளோக் லிஃப்ட் இன்னும் அஞ்சாவது மாடியிலயும் ஒன்பதாவது மாடியிலயும்தான் நிக்குது, ஆனா அதைப் பத்தி நான் இப்பல்லாம் குறை சொல்றதே இல்ல, ஏன்னா நான் லிஃப்ட்ல ஏறுறதே இல்ல. கீழேயிருந்து ஏழாவது மாடிக்குப் படியேறித்தான் வர்றேன், மூச்சு வாங்காம. நம்பமாட்டே, தெரியும். போன வருஷம் அஞ்சாவதுல இறங்கி ரெண்டு மாடி ஏறுறதுக்குள்ள நடுவுல நின்னு செருப்பைச் சரி பண்ற மாதிரி குனிஞ்சுக்கிட்டு மூச்சு விட்டவன் நான். அம்மாவுக்குத் தெரியக் கூடாதுன்னு அப்படிச் செய்வேன், அவளுக்கு எப்பவோ தெரியுமாம், தெரியாத மாதிரி இருந்திருக்கா.

இந்த மாற்றம் எப்படின்னா, ஜனவரியில எங்க ஆஸ்பத்திரி லேபுக்கு ஒரு புது மெஷின் வந்துச்சு. முன்னாடி ஒருத்தருக்கு ரத்தத்துல கொழுப்பு பார்க்கணும்னா மாணிக்கம் அரை நாள் உட்கார்ந்து ஆசிட் ஊத்தி, பச்சை நிறம் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்து, கண்ணால பார்த்து எழுதணும். மாணிக்கத்தை உனக்குத் தெரியுமே, எங்க டெக்னீசியன், நீ லேபுல வேலை பார்த்தப்போ உனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். இந்த மெஷின் நம்ம துணி அலமாரி அகலம்தான் இருக்கும். ஒரு வட்டத் தட்டு, அதுல இருபத்தஞ்சு குழாய். நீ பட்டனை அமுக்கிட்டுப் போய் கோப்பி குடிச்சுட்டு வரலாம், அது தானா சுத்தி, தானா ஊசியை இறக்கி, உறிஞ்சி, நம்பரை அடிச்சுத் தாளைத் துப்புது. அதெல்லாம் கூடப் பரவாயில்ல, ஒவ்வொரு குழாய்க்கும் நடுவுல தன் ஊசியைத் தானே கழுவிக்குது ஆனி. முப்பது வருஷமா குழாய் கழுவிச் சம்பளம் வாங்குற அட்டெண்டன்ட் நான், அதைப் பார்த்துட்டு எனக்குக் கை ஓடலை. அவ்வளவு சுத்தமா நான் கழுவுனதில்ல.

புது மெஷின் வந்தா முதல்ல அதுக்கு நல்ல ரத்தம் கொடுத்துப் பழக்கணும், நோயாளி ரத்தம் கூடாது. அதனால லேபுல இருக்கிற நாங்க எல்லாம் வரிசையா நின்னு ஆளுக்கு ஒரு குழாய் கொடுப்போம், அதுக்கு கயா ஜாம் தடவின ஒரு ரொட்டியும் கோப்பியும் உண்டு, அது பழைய வழக்கம். குழாய்ல பேர் எழுத மாட்டாங்க, நம்பர் மட்டும்தான். அன்னைக்கு இருபது குழாய் வச்சாங்க. பத்தொன்பது ஒழுங்கா வந்துச்சு, நூத்தி எழுபது, இருநூறு, இருநூத்திப் பத்துன்னு. பதினாலாம் நம்பர் குழாய்க்கு மட்டும் முந்நூத்தி நாற்பத்தாறுன்னு அடிச்சுது. மாணிக்கம் பார்த்துட்டு மெஷின் சரியில்லன்னார். திரும்ப வச்சார், முந்நூத்தி நாற்பத்திநாலு. திரும்ப வச்சார், முந்நூத்தி நாற்பத்தேழு. கம்பெனியிலேருந்து டை கட்டிக்கிட்டு வந்தவர் கோட்டைக் கழட்டிப் போட்டுட்டு மெஷினைப் பிரிச்சார். லாம்பை மாத்தினார், உள்ள இருக்கிற ரப்பர் குழாயை மாத்தினார், காலையில எட்டரையிலேருந்து பகல் சாப்பாட்டு நேரம் வரைக்கும் தரையில குந்திக்கிட்டுத்தான் இருந்தார், பக்கத்துல குந்தி டார்ச் பிடிச்சுக்கிட்டு இருந்தவன் நான். எல்லாம் மாட்டி முடிச்சுத் திரும்பவும் வச்சா அதே முந்நூத்தி நாற்பத்தாறு. அப்பத்தான் எங்க பெரிய டாக்டர் அம்மா, அந்தக் கண்ணாடி போட்ட சீனத்து டாக்டர், உள்ள வந்து நிதானமா ஒரு கேள்வி கேட்டாங்க. பதினாலு யாருன்னு.

டார்ச்சை அணைச்சுட்டு எந்திரிச்சேன். காலையிலேருந்து எல்லாரும் சேர்ந்து மெஷினைத் திருத்திக்கிட்டு இருந்தோம், திருத்த வேண்டியது என்னைன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. அந்தக் கம்பெனி ஆள் என்கிட்ட சாரி சொன்னார், எதுக்குன்னு அவருக்கே தெரியலை. டாக்டர் அம்மா என் குழாயை ஒருநாள் ஐஸ் பெட்டியில வச்சு மறுநாள் எடுத்துக் காட்டினாங்க, மேல சுத்தமாத்தான் இருந்துச்சு, சில பேருக்கு மேல பாலாடை மாதிரி மிதக்கும், எனக்கு அது கூட இல்ல. பார்த்தா மாதா கோயில் திராட்சரசம் மாதிரி தெளிவு. அதுக்குள்ள இவ்வளவு இருக்குன்னு யார் சொல்லுவா. எத்தனையோ ஆயிரம் பேர் ரத்தம் என் கை வழியாப் போயிருக்கு, என் ரத்தம் என்ன பண்ணிக்கிட்டு இருக்குன்னு ஒருநாள் எனக்குத் தோணலை பாரு.

நம்ம வீட்டுக் கதை உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுறேன், ஏன்னா இதுலதான் நான் பெரிய தப்புப் பண்ணினேன். உன் தாத்தா மரியஅந்தோணி நேவல் பேஸ்ல வேலைக்குப் போன இடத்துல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தப்போ அவருக்கு நாற்பத்திநாலு, எனக்குப் பன்னெண்டு. சவரிமுத்து பெரியப்பா பஸ்ல உட்கார்ந்த வாக்குலயே போனப்போ நாற்பத்தேழு, இறங்க வேண்டிய ஸ்டாப் தாண்டி ரெண்டு ஸ்டாப் கழிச்சுத்தான் கண்டக்டர் தொட்டுப் பார்த்தார். நம்ம சொந்தக்காரங்க எல்லாம் சொன்னது ஒரே காரணம், தாத்தா ஜப்பான்காரன் காலத்துல சயாம் மரண ரயில்பாதை வேலையிலேருந்து உயிரோட திரும்பினா வேளாங்கண்ணிக்கு வந்து மொட்டை போட்டுத் தன் உயரத்துக்கு மெழுகுவர்த்தி கொடுக்கிறதா நேர்ந்துக்கிட்டார், கொடுக்காமலே போயிட்டார், அதான் இந்த வீட்டு ஆம்பளைங்க ஐம்பதைத் தாண்டுறதில்லன்னு. பெரியப்பா கப்பலேறிப் போய் அந்த நேர்த்திக்கடனைத் தீர்த்துட்டு வந்தார், ஆனாலும் போனார். அப்ப அவர் போன மனசு சுத்தமில்லன்னாங்க. மாதா அப்படிக் கணக்குப் பார்க்கிறவளான்னு எனக்கு உள்ளுக்குள்ள கோபம், ஆனா பயமும் இருந்துச்சு. எனக்கு நாற்பத்திநாலு ஆனதுலேருந்து அம்மா என்னை கேஸ் சிலிண்டரைத் தூக்க விட்டதில்ல, கவனிச்சிருக்கியா. அவளே உருட்டிக்கிட்டுப் போவா. நானும் கேட்டதில்ல, அவளும் சொன்னதில்ல, ஏழு வருஷம் அப்படியே ஓடுச்சு.

டாக்டர் அம்மா எனக்குச் சொன்னது, உடனே மருந்துக்குப் போக வேண்டாம், முதல்ல வாயைக் கட்டணும், வாரம் மூணு நாள் இதயம் வேகமா அடிக்கிற மாதிரி உடற்பயிற்சி செய்யணும், மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்னு. நான் நடக்கிறேன்னேன். நடந்தாப் பத்தாதுன்னு சொல்லிட்டாங்க. நம்ம எதிர் புளோக்குல ஹலீமான்னு ஒரு நர்ஸ் இருக்காங்க, எங்க ஆஸ்பத்திரிதான், அவங்க செவ்வாய், வியாழன் சாயங்காலமும் சனிக்கிழமை காலையிலயும் சமூக நிலையத்துல ஏரோபிக்ஸ் நடத்துறாங்க. டாக்டர் அம்மாவே அவங்ககிட்ட சொல்லி என் பேரை எழுத வச்சுட்டாங்க. இப்ப நீ சிரிக்கலாம். முதல் நாள் போய்ப் பார்த்தா நாற்பது பேர், அதுல முப்பத்தெட்டு பேர் பொம்பளைங்க, காதைப் பிளக்கிற கேசட் பாட்டு. இன்னொரு ஆம்பளை மீன் கடைச் சீனக் கிழவர், அவருக்குக் காது கேட்காது, அதனால பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாம ஆடுறார். நான் ஆபீஸ் பேண்ட், வெள்ளை கேன்வாஸ் சப்பாத்து. எல்லாரும் வலது பக்கம் போனா நான் இடது பக்கம் போய் ஒரு வயசான மலாய்க்கார மாக்சியம்மா காலை மிதிச்சேன். நம்ம பங்குல ரெண்டு பேர் வேலி ஓரமா நின்னு பார்த்துட்டுப் போய், தாசன் அண்ணன் டிஸ்கோ ஆடுறார்னு கோயில் முழுக்கச் சொல்லிட்டாங்க. பாட்டுக்குழுவுல எனக்குப் பக்கத்துல நிக்கிறவர் ஒரு மாசம் என்னைப் பார்த்தாலே இடுப்பை ஆட்டிக் காட்டினார்.

ஆனா கண்ணு, முதல் வாரத்துலயே ஒண்ணு நடந்துச்சு. நடுவுல பாட்டை நிறுத்தி ஹலீமா எல்லாரையும் கழுத்து ஓரமா ரெண்டு விரலை வைக்கச் சொல்லி, பத்து வினாடி எண்ணி ஆறால பெருக்கச் சொன்னாங்க. வச்சேன். அது அடிச்ச அடி இருக்கே, உள்ள ஒருத்தன் கதவைத் தட்டுற மாதிரி. நாற்பது பேர் கழுத்துல விரலை வச்சுக்கிட்டு, ஒரு சத்தம் இல்லாம, வாய்க்குள்ள எண்ணிக்கிட்டு நிக்கிறோம். சீனச்சி, மலாய்க்காரி, தமிழச்சி, அந்தச் செவிட்டுக் கிழவர், எல்லாருக்கும் உள்ள அதே தட்டு. எனக்குப் பூசையில நற்கருணை எழுந்தேற்றத்துக்கு மணி அடிக்கும்போது உடம்பு சிலிர்க்குமே, அப்படிச் சிலிர்த்துப் போச்சு. எண்ணிக்கையை விட்டுட்டேன். அதுக்கப்புறம் யார் இடுப்பை ஆட்டிக் காட்டினாலும் எனக்கு வெட்கம் வரலை, ஒருநாள் விடாமப் போனேன். நடுவுல தபசுகாலம் வந்துச்சு, ஆட்டுக்கறி, முட்டை, தேங்காய்ப்பால் சோறு நாசி லெமாக் எல்லாத்தையும் நாற்பது நாள் விட்டேன், ஈஸ்டர் முடிஞ்சும் திரும்பத் தொடலை. ஏப்ரல்ல பார்த்தா முந்நூத்திப் பதினெட்டு. சாமியார் தபசுகாலத்து மகிமைன்னார், ஹலீமா ஆடுனதாலன்னாங்க.

அம்மாவுக்குப் பொறுக்கலை. அவ சமைக்கிற சாப்பாட்டுக்கு ஒரு பேர் வேண்டாமான்னு கேட்டுட்டு, அடுத்த சனிக்கிழமையே என்னை இழுத்துக்கிட்டுத் தேக்காவுக்குப் போனா. எம்ஆர்டி ரயிலுக்குத் தோண்டிப் போட்டதுல ரோடெல்லாம் சுத்திப் போகுது, பஸ்ல ஒன்றரை மணி நேரம். சிராங்கூன் ரோட்டுல செல்லக்கண்ணு நாட்டு மருந்துக்கடை உனக்கு ஞாபகம் இருக்கும். அவர் நல்ல மனுஷன், அம்மா அங்க அடுக்கி வச்சிருந்த பளபளன்னு ஒரு டப்பாவைக் கேட்டதுக்கு, அதுல என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது தங்கச்சி, தெரியாததை நெஞ்சுக்குக் கொடுக்க மாட்டேன்னு சொல்லி மருதம்பட்டையைத்தான் நிறுத்துக் கொடுத்தார். மருதம்பட்டை கஷாயம் காலையில, ஊற வச்ச வெந்தயம் ஒரு ஸ்பூன், சுட்ட பூண்டு நாலு பல்லு. பட்டை துவர்ப்புல நாக்கு ஒட்டிக்கும். பூண்டு வாசனைக்கு லேபுல மாஸ்க் போட்டுக்கிட்டாங்க, பஸ்ல எனக்கு எப்பவும் உட்கார இடம் கிடைச்சுது. டாக்டர் அம்மாகிட்ட மறைக்கக் கூடாதுன்னு பொட்டலத்தையே கொண்டுபோய்க் காட்டினேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன், இல்ல, எல்லாத்தையும் முகர்ந்து பார்த்து, பேரை எழுதிக்கிட்டு, இது கேடு பண்ணுதான்னு மாசாமாசம் ஈரலுக்கும் ரத்தம் பார்க்கிறேன், பல்லு பிடுங்கப் போறதா இருந்தா ஒரு வாரம் முன்னாடியே பூண்டை நிறுத்தணும்னு சொன்னாங்க. ஜூலையில இருநூத்தி எண்பத்திநாலு வந்துச்சு. அதோட நல்ல கொழுப்புன்னு ஒண்ணு இருக்காம், தெருக்கூட்டுறவங்க மாதிரி கெட்டதை அள்ளிக்கிட்டுப் போகுமாம், அது ஏறியிருக்கு. நம்ம உடம்புக்குள்ள இப்படி ஒரு முனிசிபாலிட்டி நடக்குது, நாம பாட்டுக்குத் தூங்குறோம். வீட்ல அம்மாவுக்குத் தலைகால் புரியலை. நான் டாக்டர் அம்மாகிட்ட ஆட்டத்துல எவ்வளவு குறைஞ்சுது பட்டையில எவ்வளவு குறைஞ்சுதுன்னு கேட்டேன், வீட்ல போய்த் தீர்ப்புச் சொல்லணுமேன்னு. அவங்க, ரெண்டையும் சேர்த்துச் செஞ்சீங்க, இனிப் பிரிச்சுச் சொல்ல என்னால முடியாது, ரெண்டையும் விடாதீங்கன்னுட்டாங்க.

இதுவரைக்கும் சிரிப்பு. இனி உள்ளதைச் சொல்றேன்.

ஆகஸ்ட் கடைசியில ஹலீமா என்னை வகுப்புல நிறுத்தி, சப்பாத்துப் பின்பக்கத்தை மடக்கி மிதிச்சுக்கிட்டு ஆடாதீங்க, விழுந்துடுவீங்கன்னு கோவிச்சாங்க. எங்க வீட்ல யாருக்கும் சப்பாத்துப் பின்னாடி சேராது, வம்சக் குதிகால்னு பெருமையாச் சொன்னேன். அவங்க கீழ உட்கார்ந்து என் குதிகாலுக்கு மேல இருக்கிற நரம்பை ரெண்டு விரலால பிடிச்சுப் பார்த்தாங்க. முகம் மாறிப் போச்சு. மறுநாள் டாக்டர் அம்மாவும் பிடிச்சுப் பார்த்தாங்க. அது குதிகால் அமைப்பு இல்லையாம், கொழுப்பு அங்க போய் வருஷக்கணக்கா படிஞ்சிருக்கு. சாப்பிட்டு வந்த கொழுப்பு இல்ல இது, பிறக்கும்போதே ரத்தத்தோட வந்ததுன்னாங்க. நம்ம பிலோமினம்மாள் அத்தைக்குக் கண் ஓரத்துல மஞ்சளா ரெண்டு மரு இருக்கே, அதிர்ஷ்ட மருன்னு சொல்லுவோமே, அதுவும் இதுதானாம். அவங்களுக்குப் படியேறினா நெஞ்சு அடைக்கிறதை வாயு வாயுன்னு பத்து வருஷமா ஓமத்தண்ணி குடிச்சு ஓட்டிக்கிட்டு இருந்தாங்க, இப்ப ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டோம். மெழுகுவர்த்தியும் இல்ல, மொட்டையும் இல்ல. தாத்தாகிட்டேயிருந்து பெரியப்பாவுக்கும் எனக்கும் அவர் ரத்தத்துலயே வந்திருக்கு, மாதாவை வீணா இத்தனை வருஷம் குத்தம் சொல்லியிருக்கோம். அன்னைக்கே கோயிலுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

பிள்ளைங்க யாருக்கு வேணும்னாலும் வந்திருக்கும், ரெண்டுல ஒருத்தருக்கு வாய்ப்பு இருக்குன்னு டாக்டர் அம்மா சொன்னதும், அந்தச் சனிக்கிழமையே தம்பியைக் கூட்டிட்டுப் போய் ரத்தம் எடுக்க வச்சேன். நூத்தி அறுபத்தெட்டு. நான் குதிச்ச குதி ஏரோபிக்ஸ்ல கூடக் குதிச்சதில்ல. முடிஞ்சுது, வீட்டைப் பிடிச்சது என்னோட முடிஞ்சுதுன்னு லேபுல எல்லாருக்கும் கறிபஃப் வாங்கிக் கொடுத்தேன். டாக்டர் அம்மா ஒண்ணை எடுத்துக் கையில வச்சுக்கிட்டே, உங்களுக்கு ஒரு மகளும் இருக்காங்களேன்னாங்க. நான் சிரிச்சுக்கிட்டே, அவ பொம்பளைப் பிள்ளை டாக்டர், எங்க வீட்ல இது ஆம்பளைங்களுக்கு வர்றதுன்னு சொன்னேன். அவங்க கறிபஃபைத் தட்டுல வச்சுட்டாங்க. பொம்பளைப் பிள்ளைக்கும் உங்க ரத்தம்தானே தாசன், அப்படின்னு மட்டும் சொன்னாங்க. ஐம்பத்தோரு வயசுல, முப்பது வருஷம் லேபுல இருந்தவன், ஆம்பளைத் தலையை மட்டும் எண்ணிக்கிட்டு இருந்திருக்கேன். அதே வாரம்தான் உன் ஆகஸ்ட் கடிதம் வந்துச்சு. குளிருக்கு பூட்ஸ் வாங்கினேன், பின்னாடி குதிகால்ல இடிக்குதுன்னு ஒரு சைஸ் பெருசா வாங்கிட்டேன்னு எழுதியிருந்தே. அம்மா சத்தமா வாசிச்சா. நான் அவ கையிலேருந்து வாங்கி அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படிச்சேன்.

இப்ப நான் செஞ்சதைச் சொல்றேன், நீ என் மேல கோபப்பட்டாலும் சரி. நீ பள்ளிக்கூடம் முடிச்சு எங்க லேபுல ரெண்டு மாசம் தற்காலிகமா வேலை பார்த்தப்போ, வேற ஒரு மெஷினுக்காக எல்லாரோடயும் நீயும் ரத்தம் கொடுத்தே. கொடுத்தவங்க யாருக்காவது மஞ்சள்காமாலை இருந்தா பின்னாடி பார்க்கணும்னு ஆளுக்குக் கொஞ்சம் தனியா ஒரு சின்னக் குழாய்ல மூடி உறைபெட்டியில போட்டு வைப்பாங்க. அந்தப் பெட்டியை வருஷத்துக்கு ஒரு தடவை ஐஸ் உடைச்சுச் சுத்தம் பண்றது நான்தான். அடித்தட்டுல கடைசி வரிசையில இருந்துச்சு. டிசம்பர் எழுபத்தொன்பது, ஆனின்னு நீயே எழுதி ஒட்டினது. ஏழு வருஷமா, நீ கப்பல் விமானம் எல்லாம் ஏறி அந்தக் குளிர் ஊரு வின்னிபெக்குக்குப் போய் வரைபடம் வரைஞ்சுக்கிட்டு இருக்கே, உன் ரத்தத்துல ஒரு துளி இங்க என் கைக்கு எட்டுற தூரத்துல உறைஞ்சு போய் காத்துக்கிட்டு இருந்திருக்கு. பெட்டிக் கதவைத் திறந்து வச்சுக்கிட்டே நின்னேன் ஆனி. உன்னைக் கேட்காம அதைத் தொடக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். மாணிக்கமும் சொன்னார், மகளுக்கு எழுதிக் கேளுங்கண்ணேன்னார். எழுதிப் பதில் வர மூணு வாரம் ஆகும், அதுவரைக்கும் என்னால சோறு திங்க முடியாதுன்னேன். தப்புதான், மன்னிச்சுக்க. உள்ளங்கையில வச்சு மூடி அது உருகுற வரைக்கும் நின்னேன். மெஷின்ல வச்சோம். மாணிக்கம் தாளைக் கிழிச்சு எனக்குக் காட்டாம மேஜை மேல கவுத்து வச்சுட்டு ஜன்னல்கிட்ட போய் நின்னுட்டார். நானே திருப்பிப் பார்த்தேன். முந்நூத்தி இருபத்தொன்பது. பத்தொன்பது வயசுல.

இந்த முறை யாரும் மெஷினைச் சந்தேகப்படலை. பழைய குழாய், நம்பர் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், அதை வச்சு முடிவு கட்டாதீங்க, அந்தப் பெண் அங்க புது ரத்தம் கொடுத்துத்தான் ஆகணும்னு டாக்டர் அம்மா சொன்னாங்க. மிச்சம் இருந்ததை மருந்துத் தண்ணியில கொட்டிட்டு அந்தக் குழாயை நானே கழுவினேன். எத்தனை லட்சம் குழாய் கழுவியிருப்பேன், நான் வச்ச பேர் ஒட்டின குழாயைக் கழுவுனது அதுதான் முதல் தடவை. அம்மாகிட்ட ஒருவாரம் கழிச்சுத்தான் சொன்னேன். அவ எந்திரிச்சுப் போய் மருதம்பட்டையை இடிக்க ஆரம்பிச்சுட்டா. பார்சல் தனியா வருது. அதை நீ அங்க இருக்கிற டாக்டர்கிட்ட காட்டாமக் குடிக்காதே. பட்டையும் பூண்டும் ஆட்டமும் என்னை முந்நூத்தி நாற்பத்தாறுலேருந்து இருநூத்தி எண்பத்திநாலுக்குக் கொண்டு வந்துச்சு, அது சின்ன விஷயம் இல்ல, டாக்டர் அம்மாவே ஆச்சரியப்பட்டாங்க, ஆனா அதுக்கு மேல அதனால முடியலை. ஆகஸ்ட்லேருந்து தண்ணியில கரைக்கிற ஒரு பொடி கொடுத்திருக்காங்க, மணலை மெல்லுற மாதிரி இருக்கும், எல்லாம் சேர்ந்து இப்ப இருநூத்தி நாற்பத்தெட்டு. அதனால உனக்கும் சொல்றது இதான், ஆடு, ஓடு, பனியில சறுக்கு, வெந்தயம் சாப்பிடு, எல்லாம் செய், ஆனா டாக்டர் மருந்து கொடுத்தா நாட்டு மருந்து இருக்குன்னு அதைத் தள்ளாதே. எனக்கு ஐம்பத்தொண்ணுல தெரிஞ்சது உனக்கு இருபத்தாறுலயே தெரிஞ்சுடுச்சு, இருபத்தஞ்சு வருஷம் உனக்கு லாபம். தாத்தாவுக்கு இது கிடைக்கலை, பெரியப்பாவுக்குக் கிடைக்கலை. நம்ம வீட்ல ஐம்பத்தோரு வயசு அப்பா எப்படி இருப்பார்னு எனக்கே தெரியாது கண்ணு, நான் பார்த்ததில்ல, நான்தான் முதல் ஆள். தினம் கண்ணாடியில பார்த்தா யாரோ புது மனுஷன் மாதிரி இருக்கு. எனக்கு இந்த முகம் இன்னும் நரைச்சு, இன்னும் சுருங்கிப் போறதைப் பார்க்கணும்னு ஆசையா இருக்கு. உனக்கும் அந்த ஆசை நிறைவேறணும்.

இந்த வாரமே போ. முந்தின நாள் சாயங்காலம் சாப்பிட்டதோட சரி, பன்னெண்டு மணி நேரம் பச்சைத் தண்ணியைத் தவிர ஒண்ணும் வாயில வைக்காதே. குதிகாலையும் காட்டு, அப்பாவுக்கும் அத்தைக்கும் இருக்குன்னு சொல்லு, இந்தக் கடிதத்தோட என் நம்பர் எல்லாம் அச்சடிச்ச தாள் வச்சிருக்கேன், அதையும் கொடு. பதில்ல வேற ஒண்ணும் எழுத வேண்டாம், நம்பரை மட்டும் எழுதினாப் போதும். அம்மா தம்பி ரெண்டு பேரும் முத்தம் சொல்லச் சொன்னாங்க. சேசுவும் மாதாவும் உன் பக்கத்துலயே இருந்து காப்பாத்தட்டும், உனக்கு நீண்ட ஆயுசைக் கொடுக்கட்டும். ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அன்னைக்கு லேபுல உனக்கு ஊசி குத்தும்போது பயமா இருக்குன்னு சொன்னே, நான் முன்னாடி வந்து நின்னு உன் முகத்தை என் சட்டையில வச்சு மறைச்சேன். இந்தத் தடவை நான் இல்ல. முகத்தைத் திருப்பிக்காதே ஆனி, கண்ணைத் திறந்து குழாய்ல ஏறுறதைப் பாரு. அது என்னோடது.

என்றும் உன் அன்பு அப்பா,
ம. இயேசுதாசன்